அடுப்படியும் சமத்துவமும்: மலைமனை முதல் நம் மனை வரை

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் பள்ளிகளைப் பற்றியும் பட்டங்களைப் பற்றியும் எழுதாமல், சமையற்கட்டைப் பற்றி எழுதப் புகுவது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். சாதியின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு இவ்வினாவின் விடை எளிதில் விளங்கும். தெரு, குளம், கிணறு, பள்ளி, கோயில் என ஒவ்வொரு வாயிலாகப் போராடித் திறந்து வந்த நம் மக்களுக்கு இன்றும் முழுமையாகத் திறவாத வாயில் ஒன்று உண்டு. அதுவே அடுப்படி. திண்ணையில் அமர இடங் கொடுப்பவர் உண்டு. கூடத்தில் நாற்காலி இடுபவரும் உண்டு. ஆயினும் தம் அடுப்பில் நம் கை சமைக்க ஒப்புபவர் எத்தனை பேர்? நம் வீட்டிற்கு வந்து, நம் கை சமைத்ததை மனமுவந்து உண்பவர் எத்தனை பேர்?

வீட்டிற்கு வந்த விருந்தினர் ஒருவர், "இன்று நான் சமைக்கட்டுமா?" எனக் கேட்பது மேலோட்டமாகப் பார்ப்பின் மிகச் சிறிய நிகழ்ச்சி. அக்கேள்விக்குள் உறவும் இருக்கலாம், விலக்கும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவை நம் வரலாறே நமக்கு வழங்குகின்றது.

மலைபடுகடாம் காட்டும் விருந்து

ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் நமக்கு இவ்வரலாற்றை எங்கோ தேடவேண்டிய தேவையில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நம் வட்டாரத்துப் பாட்டு. 583 அடிகளைக் கொண்ட இதனை இயற்றியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து இன்றும் நம் நிலத்தில் ஓடும் செய்யாறு.

பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையுற்று வழிவரும் மற்றொரு கூத்தர் கூட்டத்திற்கு வழிகாட்டுவதாக அமைந்தது இப்பாட்டு. அவன் வழியை மட்டும் கூறவில்லை. வழியில் கிடைக்கும் உணவையும் ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றான். மலைவாழ் மக்களின் சிற்றூரை அடைந்தால், உங்கள் சொந்த வீட்டிற்குள் செல்வது போல் வாயிலில் தயங்கி நில்லாமல் உள்ளே செல்லலாம் என்கின்றான். அவ்வீட்டிற்கு உரியவர் போலவே அங்கே பழகலாம் என்கின்றான். அவ்வீட்டார் உறவினரிடம் பேசுவது போல் இனிய சொற் பேசி, நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறும் தருவர் என்கின்றான். மேலும் சென்றால் புல் வேய்ந்த குடிசைதோறும் மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லரிசியும் அவரை விதையும் புளியும் சேர்த்து ஆக்கிய கூழ் கிடைக்கும் என்கின்றான். வழியிடையே கிடைக்கும் பன்றியைத் தாமே தீயிற் சுட்டு உண்டு, சுனைநீர் பருகி, மிஞ்சியதைப் பொதியாகக் கட்டிக்கொள்ளுமாறும் அறிவுறுத்துகின்றான்.

ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்று. வந்தவர் கூத்தர், வரவேற்றவர் மலைக்குடியினர். ஒருவர் குலத்தை ஒருவர் கேட்டதாகப் பாட்டில் யாண்டும் இல்லை. வீட்டார் ஆக்கியதை விருந்தினர் உண்டனர். கிடைத்ததைத் தாமே சமைத்தும் உண்டனர். சமைத்த கை எது என்னும் வினா அங்கே எழவில்லை.

கூத்தரோடு ஒத்த கலைக்குடியினரான பாணரின் நிலை பிற்காலத்தில் என்னவாயிற்று? பாண் மரபில் வளர்ந்த திருப்பாணாழ்வாரைப் பற்றிய வைணவ வரலாறு, அவர் திருவரங்கக் கோயிலுக்குள் புகாது காவிரிக் கரையிலேயே நின்று பாடினார் எனக் கூறுகின்றது. ஒரு காலத்தில் தயங்காமல் அடுப்படி வரை சென்ற கலைஞர் மரபு, மற்றொரு காலத்தில் ஆற்றங்கரையோடு நிறுத்தப்பட்டது. தீண்டாமை என்றென்றும் இருந்து வந்த இயற்கை அன்று, இடையில் வந்து ஏறிய நோய் என்பதற்கு இவ்விரண்டு சித்திரங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குதலே போதுமானது.

மலையாளி மக்களின் வழக்குக் கதை

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே தம் தோற்றம் பற்றிய கதை ஒன்று வழங்கியதை, 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளிற் காணலாம். காஞ்சிபுரத்திலிருந்து சகோதரர் சிலர் வேடர்களைத் துரத்திக்கொண்டு புறப்பட்டனர். தாம் கொண்டுசெல்லும் நாய்கள் தனியே திரும்பி வந்தால் தாம் இறந்ததாகக் கொள்ளுங்கள் எனத் தம் மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம் பெருகவே நாய்கள் வீடு திரும்பின. வீட்டார் இறுதிச் சடங்குகளைச் செய்து முடித்தனர். பகைவரை வென்று திரும்பிய சகோதரர்க்குத் தம் இல்லத்தில் இடமில்லை. அவர்கள் மலைக்கே மீண்டு, வேடர்களின் கைம்பெண்களை மணந்து அங்கேயே குடியமர்ந்தனர் என்பது கதை.

இக்கதையை வரலாற்று ஆவணமாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இது உணர்த்தும் பொருள் ஆழமானது. சாதி ஒழுங்கு ஒருவனுக்குச் சடங்கு செய்து முடித்துவிட்டால், அவன் உயிரோடு திரும்பினாலும் பிறந்த வீட்டின் அடுப்பு அவனுக்கு இல்லை. அவனுக்கு மறுவாழ்வு தந்தது மலைப்பெண்களின் அடுப்பே. படையெடுத்து வந்தவரே அவ்வடுப்பின் சோற்றை உண்டு உறவினர் ஆயினர். ஒரு குடியே இவ்வாறு ஒரே உலையிலிருந்து தோன்றியதாகத் தன் முன்னோரைப் பற்றிக் கூறிக்கொள்வது எண்ணத்தக்கது.

சுயம்பாகம் என்னும் விலக்கு

இனிச் சமவெளிக்கு வருவோம். சமவெளியின் சாதி ஒழுங்கில் விருந்தினர் சமைப்பது முற்றிலும் வேறொரு பொருளைப் பெற்றது. அதற்குச் சுயம்பாகம் என்று பெயர். தம்மினும் தாழ்ந்தவர் எனக் கருதப்பட்டவர் வீட்டிற்கோ ஊருக்கோ உயர்சாதியினர் செல்ல நேர்ந்தால், அங்குச் சமைத்த உணவை அவர் தொடுவதில்லை. அரிசி, பருப்பு, காய், நெய், விறகு, புதிய மண்பாண்டம் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு தாமே சமைப்பர். அல்லது தம் ஆளைக் கொண்டு சமைப்பிப்பர். பெரிய மனிதரும் அதிகாரிகளும் பயணம் வரும்போது ஊரார் இவ்வாறு அளிக்கவேண்டிய பண்டங்களுக்கு உலுப்பை என்று பெயர் வழங்கிற்று.

இதன் உட்பொருளைச் சற்றே ஆராய்வோம். நம் வயலில் நாம் நட்டு, நாம் அறுத்து, நாம் குற்றிய அரிசிக்குத் தீட்டு இல்லை. நாம் வெட்டிச் சுமந்த விறகிற்கும் தீட்டு இல்லை. அவ்வரிசியில் நம் கை நீர் வார்த்து உலையேற்றிய அக்கணமே அது தீட்டாகிவிடுகின்றது. பச்சைப் பொருளை ஏற்பர். சமைத்த சோற்றை ஏலார். உழைப்பு வேண்டும், உறவு வேண்டா என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை. வடநாட்டில் இவ்வொழுங்கை மேலும் நுட்பமாக்கி, நீரில் வெந்தது கச்சா, நெய்யில் பொரித்தது பக்கா எனப் பகுத்து, முன்னதை ஏற்கும் வட்டத்தைச் சுருக்கியும் பின்னதை ஏற்கும் வட்டத்தைச் சற்றே விரித்தும் வைத்தனர்.

இதன் மறுபுறத்தையும் காண்க. எவர் சமைத்ததை எல்லாரும் உண்பரோ அவரே உயர்ந்தவர் என்பது சாதியின் கணக்கு. பிராமணர் சமைத்ததை அனைவரும் உண்ணலாம் என்பதாலேயே ஒரு காலத்தில் நகரத்து உணவு விடுதிகள் பிராமணாள் என்னும் சொல்லைப் பெயர்ப்பலகையில் பொறித்தன. 1957ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் அச்சொல்லை நீக்கக் கோரித் தந்தை பெரியாரின் இயக்கத்தார் தொடர் மறியல் செய்தது இதனை எதிர்த்தே.

அமெரிக்க நாட்டின் வரலாற்றோடு இதனை ஒப்பிடுதல் பயனுடைத்து. அங்கே வெள்ளையர் வீட்டுச் சமையலைப் பெரிதும் கறுப்பினப் பெண்களே செய்தனர். அவர்தம் கை சமைத்ததை வெள்ளையர் உண்டனர். அவரோடு ஒரே மேசையில் அமரத்தான் மறுத்தனர். 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் கடையொன்றின் உணவு மேடையில் அமர்ந்து எழ மறுத்ததும் இதன் பொருட்டே. ஆறு திங்கள் கழித்து அம்மேடை திறக்கப்பட்டபோது, அங்கு அமர்ந்து முதலில் உண்ட கறுப்பினத்தவர் அக்கடையிலேயே வேலை செய்த பணியாளர்களே. அங்கே மறுக்கப்பட்டது இருக்கை. இங்கே நமக்கு இருக்கையும் மறுக்கப்பட்டது, கையும் மறுக்கப்பட்டது. ஆகவே நம் போராட்டம் பந்தியோடு முடிவதன்று. அடுப்பு வரை செல்லவேண்டியது.

பந்தியிலிருந்து அடுப்பை நோக்கி

பொது உணவால் சாதியைத் தளர்த்த முயன்றோர் பலர். சீக்கியரின் லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் அனைவரும் ஒரே வரிசையில் உண்பதோடு, அனைவரும் சமையலிலும் கைகொடுக்கின்றனர். வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டில் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு அன்று முதல் அணையாது எரிந்து வருகின்றது. 1917ஆம் ஆண்டு மே திங்களில் கொச்சிப் பகுதியைச் சார்ந்த செறாயில் சகோதரன் ஐயப்பன் ஈழவரையும் புலையரையும் ஒருங்கே உண்ணச் செய்தார். அதன் பொருட்டுத் தம் சாதியாரால் விலக்கப்பட்டுப் புலையன் ஐயப்பன் எனப் பழிக்கப்பட்டார். அப்பழியைப் பெருமையாகவே ஏற்றார்.

தமிழகத்தில் 1922ஆம் ஆண்டு வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலம், காங்கிரசின் பொருளுதவியும் பெற்று நடந்தது. அங்கே பிராமண மாணவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது தெரியவந்தபோது, வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய எதிர்ப்பு 1925ஆம் ஆண்டளவில் தமிழக அரசியலையே மாற்றியமைத்தது. ஒரு பள்ளியின் உணவுக்கூடம் ஒரு பேரியக்கத்தின் பிறப்பிற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் அவ்வாதம் பெரிதும் பந்தியைச் சுற்றியே நிகழ்ந்தது. நம் மக்களின் அடுப்பைப் பற்றிய வினா அப்போதும் பின்னுக்கே நின்றது.

அவ்வினாவை நம் முன்னோர் தாமே விடுக்க வேண்டியதாயிற்று. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மகத்து நகரின் சௌதார் குளத்து நீரை நம் மக்கள் பருகினர். அதன்பின் மாநாட்டுப் பந்தலைத் தாக்கிய சாதி வெறியர், அங்கே சமைக்கப்பட்டிருந்த உணவை மண்ணிற் கொட்டினர், பாத்திரங்களை உடைத்தனர். நீர் பருகியதற்குப் பழிவாங்கப் புகுந்தவர் அடுப்பைத் தேடிச் சென்று அழித்தனர் என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

1936ஆம் ஆண்டில் வெளியிட்ட சாதி ஒழிப்பு என்னும் நூலில், கூடியுண்ணல் ஒன்றினால் மட்டும் சாதி அழிந்துவிடாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என அண்ணல் தெளிவுறுத்தினார். ஒருநாட் பந்தியில் அமர்ந்து உண்டு, மறுநாள் தத்தம் வீட்டிற்குத் திரும்புவது எளிது. கலப்பு மணமோ ஒருவரை நிலையாக மற்றவரின் அடுப்படிக்கே கொண்டுவந்து சேர்க்கின்றது. பந்தி விழாவிற்கு உரியது. அடுப்பு வாழ்க்கைக்கு உரியது.

ஜவ்வாது மலையின் கிழக்கே ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டில் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியோடு மாணவர்க்கு உண்டியும் உறையுளும் அமைத்தார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது மட்டும் இதன் காரணமன்று. நம் பிள்ளைகட்குச் சோறிட மறுத்த ஊர்களின் நடுவே, நம்முடைய அடுப்பு ஒன்று எரிந்தால் அன்றி நம்முடைய கல்வி நிலைபெறாது. கல்விச் சங்கமும் சமையற்கட்டும் உடன்பிறந்தவை எனக் கூறின் மிகையாகாது.

சட்டம் சென்ற எல்லை

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் திருத்தப்பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகப் பெயர் மாறியது. உணவு விடுதிக்குள் புகுவதையும், விடுதியிலும் சத்திரத்திலும் பொதுப் பயனுக்கென வைத்த பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தீண்டாமை காரணமாகத் தடுத்தல் இச்சட்டத்தின்படி குற்றமாகும். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையை எதிர்த்து நம் மக்கள் போராடியபோது இச்சட்டம் துணையாயிற்று.

பள்ளிகளிலும் அடுப்பு மூட்டப்பட்டது. 1956ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் தொடங்கியது. 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டில் காலை உணவுத் திட்டமும் சேர்ந்தது. சமையலர், உதவியாளர் பணிகளில் தலித் மக்களுக்கும் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தருமாறு 2004ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அனைத்துப் பிள்ளைகளும் உண்ணும் சோற்றை நம் கை ஆக்குவதற்கு நாட்டின் உயர்ந்த மன்றமே வழிசெய்தது.

ஆயினும் 2018ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டத்து அவிநாசி வட்டாரத்தில், நம் சமூகத்துப் பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதை ஊரார் சிலர் எதிர்த்தனர். அதிகாரிகள் அவரை இடமாற்றினர். கண்டனம் எழுந்த பின்னரே அவ்வாணை நீக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் காலை உணவை நம் பெண்கள் சமைத்ததால் பிள்ளைகளை உண்ணவேண்டா எனப் பெற்றோர் சிலர் தடுத்த செய்திகள் வந்தன. அமைச்சரும் ஆட்சியரும் நேரிற் சென்று உண்டு காட்டவேண்டிய நிலை ஏற்பட்டது. பிள்ளைகளுக்கு இயல்பாக இத்தயக்கம் இல்லை. வீட்டில் கற்பித்ததைத்தான் அவர்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தனர்.

பள்ளி அடுப்பு வரை சட்டம் வரும். வீட்டு அடுப்பு வரை அது வராது, வரவும் இயலாது. அவ்விடத்தைப் பண்பாடே நிரப்பவேண்டும்.

நம் இல்லத்திற்கு வரும் விருந்தினர்

இன்று நம் பிள்ளைகள் கல்லூரியிற் பயில்கின்றனர். பல ஊர்களிற் பணிபுரிகின்றனர். அவர்தம் நண்பரும் ஆசிரியரும் உடன்பணியாற்றுவோரும் நம் வீடுகளுக்கு வந்து தங்குகின்றனர். அவருள் சிலர் தாமே சமைக்க விரும்புவர். அவரை எவ்வாறு எதிர்கொள்வது?

மேற்கூறிய வரலாற்றிலிருந்து எளிய அளவுகோல் ஒன்று கிடைக்கின்றது. விருந்தினர் சமைப்பதா என்பதன்று வினா. நாம் சமைத்ததை அவர் உண்கின்றாரா, அவர் சமைத்ததில் நமக்கும் பங்குண்டா, இரண்டும் ஒரே பாத்திரத்தில் ஆகின்றனவா என்பனவே வினாக்கள். மூன்றிற்கும் ஆம் என்பது விடையாயின், அது மலைபடுகடாம் காட்டும் உறவு. அடுப்படியைத் தாராளமாகத் திறந்து விடுக. இல்லை என்பது விடையாயின், எத்துணை இனிய சொற்களால் மூடினும் அது சுயம்பாகமே.

உணவுப் பழக்கத்தைக் காரணங் காட்டுவோரும் உளர். புலால் உண்ணாமை ஒருவரின் கொள்கையாகவோ உடல்நலத் தேவையாகவோ இருக்கலாம். அதனை மதித்தல் நம் கடமை. ஆனால் புலால் மறுப்பவர் நாம் சமைத்த சாமைச் சோற்றையும் அவரைக் குழம்பையும் மறுக்க மாட்டார். சோற்றையும் மறுப்பவர் புலாலை மறுக்கவில்லை; நம்மை மறுக்கின்றார். மாட்டிறைச்சி சமைத்த சட்டியைக் கண்ணிற் படாமல் மறைத்து வைக்குமாறு கேட்பவர்க்கு, அமைதியாகவும் உறுதியாகவும் விடையிறுக்கலாம்: "உங்களுக்கு வேண்டிய காய்கறி உணவை நாங்களே சமைத்துத் தருகிறோம், எங்கள் சட்டி எங்கள் அடுப்படியில் இருக்கும்." எந்த விருந்தினர் பொருட்டும் நம் உணவை நாம் ஒளிக்க வேண்டுவதில்லை. சாமைக் களியையும் கேழ்வரகுக் கூழையும் கருவாட்டையும் மறைத்து, கடன் வாங்கிய பொன்னியரிசியில் விருந்திடுவது நம் முன்னோரின் உழைப்பை நாமே மறைப்பதாகும்.

அடுப்படியில் உழைப்பவர் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் கருதுதல் வேண்டும். அவர்தம் உடன்பாடின்றி ஆடவர் திண்ணையில் அமர்ந்தபடியே அடுப்பை விருந்தினர்க்கு வழங்கிவிடுதல் முறையன்று. எந்தப் பானை எதற்கு, எவ்வளவு அரிசி மாதக் கடைசி வரை வரவேண்டும், எத்தனை விறகு எஞ்சியுள்ளது என்னும் கணக்கு அவர் மனத்தில் உள்ளது. நல்ல விருந்தினர் முதல் வேளை வீட்டார் சமைத்ததை உண்பர், பிறகு வீட்டுப் பெண்ணிடம் கேட்டுச் சமைப்பர், வேண்டிய பொருளைத் தாமே வாங்கி வருவர், அனைவர்க்கும் பரிமாறுவர், பாத்திரத்தைத் தாமே துலக்கி வைப்பர். நம் இளைஞர் பிறர் வீட்டிற்கு விருந்தினராகச் செல்லும்போதும் இவ்வொழுக்கத்தையே கடைப்பிடிக்க வேண்டும். மலைமேல் உள்ள பழங்குடியினர் வீடுகளுக்குச் செல்வோர், அடுப்பையும் அரிசியையும் கையோடு கொண்டுசெல்லாமல், முதலில் அவர் தரும் சாமைச் சோற்றை உண்ணுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இவ்வளவுகோலைப் பிறர்க்கு மட்டும் நீட்டுதல் நேர்மையன்று. பறையர், பள்ளர், அருந்ததியர், புதிரை வண்ணார் என நம்மிடையேயும் பிரிவுகள் உள்ளன. ஒரு பிரிவினர் வீட்டு அடுப்பில் மற்றொரு பிரிவினர் சமைத்து இருவரும் ஒன்றாக உண்ணும் வரை, பிறரிடம் நாம் கேட்கும் நீதி அரைகுறையானதே. படிக்கட்டில் தமக்குக் கீழே ஒரு படியைத் தேடுபவர், அப்படிக்கட்டையே தாங்கி நிற்கின்றனர்.

இளைஞர்களே! இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் புத்தகத்தை நம் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. இனிவரும் ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டின் அடுப்படிக்கும் சமத்துவத்தைக் கொண்டு சேர்ப்பது உங்கள் பணி. அதற்குப் பெரும்பொருள் வேண்டா, மேடையும் வேண்டா. வேறொரு பிரிவைச் சார்ந்த நண்பர் ஒருவரை இத்திங்களிலேயே உங்கள் வீட்டிற்கு அழையுங்கள். உங்கள் அன்னையார் சமைத்ததை அவர் உண்ணட்டும். மறுநாள் அன்னையாரின் ஒப்புதலோடு அவர் சமைக்கட்டும். அதே பானையிலிருந்து அனைவரும் உண்ணுங்கள். பிறகு நீங்கள் அவர் வீட்டிற்குச் சென்று அவ்வாறே செய்யுங்கள். செங்கத்து மலைவழியில் கூத்தர் பெற்ற உரிமை மீண்டும் நம் ஊர்களில் வழக்கமாகட்டும்.